கட்டு அவிழ்ந்த பிறகு: முறிந்த மணிக்கட்டின் வரலாறு

போர்களின் வரலாற்றை நாம் படிக்கிறோம். கோயில்களின் வரலாற்றைப் படிக்கிறோம். நூல்களும் அவற்றை இயற்றியோரும் கடந்து வந்த வழியைத் தேடிப் படிக்கிறோம். ஈரத் தரையில் கால் வழுக்கி, விழும் உடலைத் தாங்க நீட்டிய கையின் மணிக்கட்டு முறிந்து போவதற்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் மாந்தர்க்கு மிகுதியாக நேரும் எலும்பு முறிவுகளுள் இதுவும் ஒன்று. ஐம்பதைக் கடந்த பெண்டிருக்கு இது நேராத தெருவே இல்லை எனலாம். இதனைச் சுற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. முறிந்த கையை அசையாமல் வைப்பதா, அசைத்துப் பழக்குவதா என்பதே அவ்வழக்கு.

எலும்பு பொருந்துவது ஒன்று. கை மீள்வது வேறொன்று. முன்னதைப் பெரும்பாலும் இயற்கையே செய்து முடிக்கிறது. பின்னதைக் கைக்கு உரியவர்தாம் நாள்தோறும் உழைத்துப் பெற வேண்டும். மருத்துவ உலகம் இவ்விரண்டையும் பிரித்தறிய எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. நம் வீடுகளிலோ இன்றும் பலர் அறியாமலே இருக்கின்றனர். அதனால்தான் இவ்வரலாற்றை எழுத முற்படுகிறோம்.

முறிவது எது, முடங்குவது எது?

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு எலும்புகள் இணையாக ஓடுகின்றன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி எலும்பு. இவற்றை அடுத்து எட்டுச் சிற்றெலும்புகள் இரு வரிசையாக அமைந்து மணிக்கட்டை ஆக்குகின்றன. கையூன்றி விழும்போது உடலின் எடை முழுதும் ஆரை எலும்பின் கீழ்முனையில் வந்து இறங்குகிறது. அவ்விடத்து எலும்பு பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது; முதுமையில் மேலும் மெலிவது. ஆகவே அங்கே முறிகிறது. முறிந்த முனை பெரும்பாலும் புறங்கைப் பக்கமாகச் சாய்கிறது. பக்கத்திலிருந்து நோக்கினால், கவிழ்த்து வைத்த முள்கரண்டியின் வளைவு தென்படும்.

முறிந்த இடத்தில் குருதி கட்டுகிறது. அதைச் சூழ்ந்து மென்மையான இணைப்புத் திசு தோன்றுகிறது. அது மெல்ல மெல்லச் சுண்ணம் ஏறிக் கெட்டிப்படுகிறது. ஏறக்குறைய ஆறு வாரங்களில் கட்டை அவிழ்க்கும் அளவுக்கு எலும்பு உறுதி பெறுகிறது. ஆனால் அதே ஆறு வாரங்களில் வேறொன்றும் நிகழ்கிறது. மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்குகிறது. வீக்கத்தின் நீர் தேங்கித் தசைநாண்கள் தம் பாதையில் ஒட்டிக்கொள்கின்றன. வேலையற்ற தசை கரைகிறது. பிரிவால் மெலிந்த முன்கையிலிருந்து வளை நெகிழ்ந்து வீழ்வதைச் சங்க அகப்பாடல்கள் பலவிடத்தும் பாடியிருத்தலை நாம் அறிவோம். மாவுக்கட்டை அவிழ்த்த அன்று பழைய வளையலை அணிந்து பார்க்கும் பெண்மணிக்கு அந்நெகிழ்ச்சி உவமையாகத் தோன்றாது. கண்ணெதிரே நிற்கும் செய்தியாகிவிடும்.

மணிக்கட்டு மேலும் கீழும் மடங்குகிறது. கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் சாய்கிறது. இவற்றோடு, உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்பும் அசைவை முன்கை தருகிறது. நல்ல நிலையில் இவ்வசைவுகளை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. திருநீற்றை ஏந்த உள்ளங்கை மேல்நோக்க வேண்டும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு செல்ல முன்கை திரும்ப வேண்டும். தோசையைப் புரட்டவும், ஈரத்துணியைப் பிழியவும், தாழ்ப்பாளை நீக்கவும், தரையில் அமர்ந்தவர் கையூன்றி எழவும் மணிக்கட்டு வேண்டும். இவற்றை இழந்தவர் வாழ்க்கையில் பாதியை இழந்தவராகிறார். வெளியே சொல்வதற்கு அது பெரிய நோயாகவும் தோன்றாது. ஆகவே பலர் சொல்லாமலே இருந்துவிடுகின்றனர்.

சுசுருதரின் மண்ணுருண்டை

இந்திய மருத்துவ மரபில் எலும்பு முறிவை முறையாக வகுத்துரைத்த பழைய நூல் சுசுருத சங்கிதை. கிறித்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முன் தொடங்கிப் பல கைகளால் வளர்ந்த தொகுப்பாக இதனை அறிஞர் கருதுவர். மூட்டு விலகல்களை 6 வகையாகவும் எலும்பு முறிவுகளை 12 வகையாகவும் இந்நூல் பிரிக்கிறது. மரப்பட்டைகளையும் மூங்கிலையும் தாங்கு பலகைகளாகக் கொள்ளச் சொல்கிறது. குளிர்காலத்தில் 7 நாளுக்கு ஒருமுறையும், மிதமான பருவத்தில் 5 நாளுக்கு ஒருமுறையும், வெப்பக் காலத்தில் 3 நாளுக்கு ஒருமுறையும் கட்டை அவிழ்த்துக் கட்டுமாறு விதிக்கிறது. கட்டு தளர்ந்தால் மூட்டு நிலைகொள்ளாது. இறுகினால் வீக்கமும் வலியும் மிகும். ஆகவே நடுத்தரமான கட்டே சிறந்தது என்பது அதன் முடிவு. இளையோர்க்கு ஒரு மாதம் எனில் நடுவயதினர்க்கு இரண்டு, முதியோர்க்கு மூன்று என எலும்பு கூடும் காலத்தையும் அது கணக்கிடுகிறது.

நம்மை மிகவும் ஈர்ப்பது அந்நூல் கைமுறிவுக்குக் கூறும் பயிற்சியே. கை பொருந்தத் தொடங்கியபின் நோயாளி முதலில் மென்மையான உருண்டையைப் பற்றிப் பழக வேண்டும்; கைக்கு வலிமை வந்தபின் கல்லைப் பற்ற வேண்டும். மென்மையிலிருந்து வன்மைக்கு, எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏறும் முறை இது. இன்றைய இயன்முறை மருத்துவர் முதலில் பஞ்சுப் பந்தையும் பின்னர் இறுக்கமான ரப்பர் பந்தையும் கொடுக்கும்போது பின்பற்றுவது இந்த வழியைத்தான். எலும்பு கூடியவுடன் பணி முடிந்துவிடவில்லை என்பதை இந்நூலார் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இந்த ஒரு குறிப்பே போதிய சான்று.

கிரேக்கத்திலும் ஏறத்தாழ அதே தொன்மை வாய்ந்த மரபு உண்டு. ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் முறிவு பற்றிய நூல், மெழுகுக் களிம்பு பூசிய துணிக்கட்டுகளையும், சில நாள்களுக்கு ஒருமுறை அவற்றை அவிழ்த்துக் கட்டும் முறையையும் விரிவாக விளக்குகிறது. முன்கை எலும்புகள் கூட ஏறத்தாழ 30 நாள் ஆகும் என்கிறது. ஆனால் மணிக்கட்டில் நேர்ந்த ஊறுகளைப் பெரும்பாலும் மூட்டு விலகல் என்றே அம்மரபு கொண்டது. அக்கருத்து ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆட்சி செய்தது. முறிந்ததை விலகியது என்று எண்ணி இழுத்தும் அழுத்தியும் வைத்தியர் முயன்றனர். கட்டிய பின் அது மீண்டும் சாய்வது ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

டப்ளினில் ஒரு தெளிவு

பிரான்சின் லியோன் நகரத்து அறுவை மருத்துவர் குளோத் பூட்டோ இதனை முறிவு என்று எழுதினார். அவர் மறைந்த பின்னர், 1783-இல் அவருடைய எழுத்துகள் வெளியாயின. எனினும் ஆங்கிலம் பேசும் உலகில் அது பரவவில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஆபிரகாம் காலிஸ் என்பவர் 1814-இல் எடின்பரோ மருத்துவ இதழ் ஒன்றில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஆரை எலும்பின் கீழ்முனைக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் மேலே நேரும் முறிவு இது என்றும், விலகல் என்று கருதுவது பிழை என்றும் அவர் விளக்கினார். எக்ஸ் கதிர் பிறப்பதற்கு எண்பத்தோர் ஆண்டுகள் முன்பு, கண்ணும் கைவிரலுமே கருவியாகக் கொண்டு அவர் அம்முடிவுக்கு வந்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் இதனைக் காலிஸ் முறிவு என்றே படிக்கின்றனர். 1843-இல் அவர் மறைந்தபோது அவர் உடலை ஆய்ந்தவர் ராபர்ட் வில்லியம் ஸ்மித். எதிர்ப்புறமாக, உள்ளங்கைப் பக்கம் சாயும் முறிவை 1847-இல் விளக்கித் தம் பெயரையும் அவர் நிலைநிறுத்தினார்.

காலிஸ் தம் கட்டுரையில் நோயாளிக்கு ஓர் ஆறுதலும் கூறியிருந்தார். எலும்பைச் சரிவர நேராக்காமல் விட்டுவிட்டாலும், நெடுங்காலம் கழித்து அக்கை வலி நீங்கி முழு அசைவையும் பெறும். கோணல் மட்டும் வாழ்நாள் முழுதும் நீங்காது என்பதே அதன் கருத்து. இவ்வாறுதல் உண்மையா என்ற வினாவுக்கு விடை தேடியே அடுத்த இருநூறு ஆண்டுகள் கழிந்தன எனலாம். அதனை உண்மை என நம்பியோர் கையைக் கவனியாது விட்டனர். பொய் என நம்பியோர் எலும்பை நேராக்குவதிலேயே கருத்தைச் செலுத்தினர். இரு சாராருமே விரல்களை மறந்தனர்.

சாந்துக் கட்டும் இரு மருத்துவரும்

1851-இல் டச்சுப் படை மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன், பாரிசுச் சாந்தின் பொடியைத் துணிச்சுருளில் தேய்த்து வைத்து, வேண்டும்போது நனைத்துச் சுற்றும் முறையைக் கண்டார். சில நிமிடங்களில் இறுகும் அக்கட்டு மருத்துவத்தையே மாற்றியது. கிரீமியப் போரில் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் பிரகோவ் சாந்துக் கட்டைப் பெருமளவில் பயன்படுத்தினார். நாம் இன்று மாவுக்கட்டு என்று அழைப்பதன் பிறப்பு இதுவே. இதனால் பல உறுப்புகள் வெட்டி எறியப்படாமல் காக்கப்பட்டன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் ஒரு விளைவு உண்டு. சுசுருதர் சொன்னதுபோல் மூன்று நாளுக்கோ ஏழு நாளுக்கோ ஒருமுறை அவிழ்க்கும் கட்டன்று இது. ஒருமுறை இட்டால் வாரக்கணக்கில் திறவாமல் மூடிவைக்க முடிந்தது. அசையாமை எளிதாயிற்று, எளிதானது வழக்கமாயிற்று.

இந்தச் சூழலில் இருவேறு கொள்கைகள் எதிரெதிர் நின்றன. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் செய்த ஹியூ ஓவன் தாமஸ், தலைமுறைகளாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். ஓய்வு நீண்டதாகவும், இடையறாததாகவும், கட்டாயமாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. காசநோய் மூட்டுகளை அரித்த காலம் அது. மருத்துவர் அவசரப்பட்டு உறுப்பை வெட்டிய காலம் அது. அக்காலத்தில் அவர் வற்புறுத்திய ஓய்வு பலரைக் காத்தது.

பாரிசில் ழுஸ்ட் லுக்கா ஷாம்பியோனியேர் நேர்மாறாகப் பேசினார். முறிவுகளை மென்மையான பிசைதலாலும் அளவான அசைவாலும் நடத்த வேண்டும் என்று அவர் 1895-இல் நூலே எழுதினார். அசைவே உயிர் என்பது அவர் கொள்கையின் சாரம். மூட்டுக்கு அருகில் நேரும் முறிவில் நெடுநாள் அசையாமை எலும்பு முறிவைவிடப் பெருந்தீங்கு செய்யும் என்று அவர் வாதிட்டார். உடன்பணியாற்றியோர் பலர் அவரை ஏற்கத் தயங்கினர். நோயாளி வலியால் துடிப்பாரே, எலும்பு விலகிவிடுமே என்ற அச்சம் இயல்பானதுதான்.

அதே 1895-ஆம் ஆண்டின் நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். டிசம்பர் 22 அன்று அவர் எடுத்த புகழ்பெற்ற படம் அவருடைய மனைவியின் கை. எலும்பு முதன்முறையாக உயிருள்ள உடலில் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் விளைவாக, எலும்பு நேராக உள்ளதா என்ற வினா எல்லா வினாக்களையும் பின்தள்ளியது. படத்தில் எலும்பு தெரியும்; இறுகிய மூட்டுறை தெரியாது, ஒட்டிய தசைநாண் தெரியாது, அஞ்சும் மனமும் தெரியாது. படம் நன்றாக இருந்தால் கையும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளும் மனநிலை அன்று தோன்றியது. இன்னும் அது முற்றாக நீங்கவில்லை.

கையை மீட்ட கைகள்

மீட்சியின் வரலாற்றைப் பெரும்பாலும் எழுதியவர்கள் பெண்கள். 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் கூடிப் பயிற்சி பெற்ற பிசைதல் மருத்துவருக்கான சங்கம் ஒன்றை அமைத்தனர். பிசைதல் என்ற பெயரில் தகாத தொழில் நடப்பதாக எழுந்த பழியிலிருந்து தம் பணியைக் காப்பதே அவர்களது முதல் நோக்கம். 1920-இல் அச்சங்கம் அரச பட்டயம் பெற்றது. பிரித்தானிய இயன்முறை மருத்துவச் சங்கத்தின் தொடக்கம் அதுவே. முதல் உலகப் போர் ஆயிரமாயிரம் முடங்கிய கைகால்களைத் திருப்பி அனுப்பியபோது, அவற்றை அசைத்துப் பழக்க இத்தகைய பெண்களே முன்வந்தனர்.

1925-இல் வியன்னாவில் விபத்து மருத்துவமனை ஒன்றைத் தொடங்கிய லோரன்ஸ் பேலர், இரு கொள்கைகளுக்கும் இடையே ஒரு நடுவழியைக் காட்டினார். முறிந்த பகுதியை உறுதியாக அசைவின்றிப் பிடித்து வைக்க வேண்டும். கட்டுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு மூட்டையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். கட்டு போட்ட கையாலேயே நோயாளிகள் கூட்டாகப் பயிற்சி செய்தனர். ஓய்வும் அசைவும் ஒரே கையில் ஒரே வேளையில் நிகழலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. மணிக்கட்டு ஓய்வெடுக்கட்டும், விரலும் முழங்கையும் தோளும் ஏன் ஓய்வெடுக்க வேண்டும்?

கவனியாத கையில் விளையக்கூடிய மற்றொரு துன்பத்தை ஜெர்மானியரான பால் சூடெக் 1900-இல் எழுதினார். சிறு காயத்துக்குப் பின்னும் சிலரது கை வீங்கி, தோல் பளபளத்து, தொட்டாலே தீப்பட்டதுபோல் எரிந்து, எலும்பும் விரைந்து மெலியும். 1990-களில் இதற்குச் சிக்கலான வட்டார வலி நோய்க்குறி எனப் பொருள்படும் புதுப்பெயர் வழங்கப்பட்டது. மணிக்கட்டு முறிந்தோரில் சிலருக்கு இது வருகிறது. தொடக்கத்திலேயே கண்டு கையைப் பயன்படுத்தப் பழக்குவது இதற்கான மருத்துவத்தின் முதன்மைப் பகுதி.

நம் பக்கத்துக் கட்டுகள்

தமிழகத்தில் எலும்பு முறிந்தோரில் பலர் முதலில் நினைப்பது புத்தூர்க் கட்டை. ஆந்திர எல்லைக்குள், திருத்தணிக்கு அப்பால் உள்ள புத்தூரின் எலும்பு கட்டும் குடும்பத்தாரால் புகழ்பெற்றது அது. பச்சிலைச் சாறு, முட்டையின் வெண்கரு, துணி, மூங்கில் பத்தைகள் ஆகியவற்றால் கட்டுவர். இன்று அப்பெயரைத் தாங்கிய பலகைகளை நம் ஊர்கள் பலவற்றில் காணலாம். அவர்கள் அனைவரும் அவ்வூரார் அல்லர். செலவு குறைவு, அறுவை இல்லை, நம் மொழியில் பேசுவார்கள் என்பவை மக்களை அங்கே ஈர்க்கின்றன. இவற்றை நகைப்பதில் பயனில்லை.

அதே வேளையில் ஒன்றை உரத்துச் சொல்ல வேண்டும். இறுக்கமான கட்டு கையையே கொல்லும். குருதி ஓட்டம் தடைப்பட்டுத் தசை மடிந்து விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடும் நிலையை ஜெர்மானியர் ரிச்சர்டு ஃபான் ஃபோல்க்மன் 1881-இல் விளக்கினார். மூங்கில் பத்தையாலும் இது நேரும், மாவுக்கட்டாலும் நேரும். கட்டிய பின் விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது பொறுக்க முடியாத வலி எழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இறுகிய கட்டின் தீங்கைச் சுசுருத சங்கிதையும் எச்சரித்திருப்பதை மேலே கண்டோம்.

கையை மீட்கும் கலைக்கு வேலூர் ஆற்றிய பணியும் நினைவுகூரத் தக்கது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயால் விரல் மடங்கிய கைகளில் தசைநாண்களை இடம் மாற்றும் அறுவையைச் செய்தார். நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணை எடுத்து வேறிடத்தில் பொருத்திவிட்டால் மட்டும் விரல் இயங்கிவிடாது. புதிய வேலையை அத்தசைக்கு மூளை கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். அறுவை மருத்துவரின் கத்தி நின்ற இடத்தில் பயிற்சியாளரின் பொறுமை தொடங்க வேண்டும் என்ற பாடத்தை அங்கே பலர் கற்றனர். முறிவு வேறு, தொழுநோய் வேறு. ஆனால் கை மீண்டும் கற்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

தகடுகளும் ஆய்வுகளும்

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து ஆரை எலும்பில் உலோகத் தகட்டைத் திருகாணிகளால் பூட்டும் முறை பரவியது. எலும்பு உறுதியாக நிற்பதால் விரைவில் அசைக்கலாம் என்பது இதன் சிறப்பு. கம்பிகளைவிடத் தகடு சிறந்ததா என்று பிரித்தானியாவில் 18 மருத்துவமனைகளில் 461 பேரிடம் ஆராய்ந்தனர். 2014-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குப் பின் கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு, எலும்பை நேராக்கியபின் மாவுக்கட்டிலேயே விடுவதையும் கம்பியால் நிறுத்துவதையும் 500 பேரிடம் ஒப்பிட்டது. அதிலும் ஓராண்டு முடிவில் இரு சாராரின் கைகளும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. ஆனால் மாவுக்கட்டில் விடப்பட்டோரில் எட்டில் ஒருவர் அளவுக்கு, எலும்பு மீண்டும் சாய்ந்து அறுவைக்கு உள்ளாயினர்.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரத்து மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு 65 வயது நிரம்பிய 73 பேரைப் பற்றியது. தகடு வைத்தோரின் எலும்பு படத்தில் நேராக இருந்தது. பிடிவலிமையும் கூடுதலாக இருந்தது. ஆயினும் ஓராண்டுக்குப் பின் அசைவிலும் வலியிலும் இரு சாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை. டப்ளின் மருத்துவரின் ஆறுதல் முதியோரைப் பொறுத்தவரை ஓரளவு மெய்யாயிற்று. எலும்பின் கோணல் கையின் கோணலாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் இளையோர்க்கும், மூட்டுப் பரப்பே உடைந்தோர்க்கும் இதனை அப்படியே பொருத்துதல் கூடாது. யாருக்கு அறுவை வேண்டும் என்பதை மருத்துவரே கண்டு சொல்ல வேண்டும்.

பயிற்சியைப் பற்றிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 26 ஆய்வுகளையும் 1,269 நோயாளிகளையும் திரட்டி 2015-இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வு, எந்தப் பயிற்சி முறை மேலானது என்று முடிவுகட்டப் போதிய சான்று இல்லை என்றே உரைத்தது. இது பயிற்சியே வேண்டா என்று பொருள்படாது. மருத்துவமனைக்கு நாள்தோறும் செல்ல இயலாதவர், முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தாலும் பின்தங்கிவிடுவார் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதே நாம் அதிலிருந்து கொள்ளத்தக்கது. பேருந்து ஏறி நகரத்துக்குச் செல்ல முடியாத மூதாட்டிக்கு இதைவிட நற்செய்தி வேறென்ன?

கையூன்றி எழுதல்

நம் உறவில் அறுபதைக் கடந்த பெண்மணி ஒருவருக்கு இம்முறிவு நேர்ந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு மருத்துவமனையில் கட்டை அவிழ்த்தனர். படத்தைப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது, போகலாம் என்றனர். விரலை எவ்வாறு மடக்குவது, எத்தனை முறை மடக்குவது என்று ஒருவரும் சொல்லவில்லை. வலித்த கையை அவர் முந்தானைக்குள் மறைத்து மார்போடு அணைத்தே வைத்திருந்தார். இரண்டு மாதத்தில் விரல்கள் விறைத்தன, தோளும் இறுகியது. பின்னர்ப் பார்த்த இயன்முறை மருத்துவப் பெண் அவரைக் கும்பிடச் சொன்னார். உள்ளங்கைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அன்று தொடங்கி வெந்நீரில் கையை நனைத்து அசைப்பதும், கும்பிட்ட கைகளை மெல்லக் கீழே இறக்குவதும், பிறகு சப்பாத்தி மாவு பிசைவதும், ஈரத்துண்டைப் பிழிவதுமாக நான்கு மாதம் உழைத்தார். உள்ளங்கைகள் பொருந்தின. இழந்த அந்த இரண்டு மாதம் மட்டும் தேவையற்ற துன்பம்.

மாவுக்கட்டு இருக்கும்போதே தொடங்க வேண்டியவை எளியவை. கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்தல். விரல்களை முழுதாக மடக்கி முழுதாக நீட்டுதல். கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுதல். முழங்கையை மடக்கி நீட்டுதல். தோளைத் தலைக்கு மேல் உயர்த்துதல். கட்டு அவிழ்ந்தபின், மருத்துவர் இசைவோடு, மணிக்கட்டை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்தல். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஏந்துவதுபோலவும் கவிழ்ப்பதுபோலவும் உள்ளங்கையைத் திருப்புதல். எலும்பு போதிய உறுதி பெற்றதென மருத்துவர் சொன்ன பிறகே பிடிவலிமைப் பயிற்சி. அதற்கும் பின்னரே எடை தூக்குதலும் கையூன்றுதலும். அசைவு முதலில் வரும். வலிமை தாமதித்தே வரும். பலருக்கு ஆறு மாதம் வரை நல்ல முன்னேற்றம் தெரியும். அதன்பின்னும் ஓராண்டு வரை மெல்ல வளரும். பயிற்சியின்போது சற்றே இழுத்து வலித்து, விட்டவுடன் அடங்கும் வலியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரவெல்லாம் நீடிக்கும் வலியும் புதிய வீக்கமும் அளவு மீறியதன் அறிகுறிகள். பிறர் முரட்டுத்தனமாகப் பிடித்து முறுக்குவதற்கு எக்காலத்தும் இடம் தரலாகாது.

இன்னொன்றும் உண்டு. ஐம்பதுக்கு மேல், நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால், அது எலும்பு மெலிவின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். அடுத்த வீழ்ச்சியில் இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு மிகுதி. இடுப்பு முறிவு முதுமையில் உயிருக்கே உலை வைப்பது. ஆகவே கட்டு அவிழ்ந்த கையோடு எலும்பின் அடர்த்தியையும் சோதித்துக்கொள்ளுதல் நன்று. குளியலறைத் தரையின் வழுக்கலையும் போக்குதல் வேண்டும்.

ஓய்வா அசைவா என்று மருத்துவர்கள் நூற்றாண்டுகளாக வழக்காடினர். இரண்டும் வேண்டும், உரிய காலத்தில் உரிய அளவில் வேண்டும் என்பதே தீர்ப்பு. எலும்பை மருத்துவர் நேராக்குவார். இயற்கை அதனைப் பொருத்தும். மூன்றாவது பணி நோயாளியுடையது. அப்பணி உண்டு என்பதையே அவருக்குச் சொல்லாமல் அனுப்புவது பெரும்பிழை. நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மாவுக்கட்டோடு ஒருவர் அமர்ந்திருந்தால், நலம் விசாரிப்பதோடு நில்லாமல், விரல்களை மடக்கிக் காட்டச் சொல்வோம். கட்டு அவிழ்ந்தவரைக் கண்டால் கும்பிடச் சொல்லிப் பார்ப்போம். உள்ளங்கைகள் பொருந்தவில்லையெனில், காலம் கடப்பதற்குள் பயிற்சிக்கு அனுப்புவோம். நம்மால் இயன்ற இச்சிறு உதவி ஒருவருக்கு அவர் கையைத் திரும்பப் பெற்றுத் தரக்கூடும்.